போட்டோ பிரிண்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

ஒரு வீட்டில் பெரியவர் யாராவது தவறிவிட்டால், மாலை போட ஒரு நல்ல படம் கிடைக்காமல் பேரன் பேத்திகள் ராத்திரியெல்லாம் போனைக் குடைந்துகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேலரியில் பத்தாயிரம் படம் இருக்கும். ஆனால் தாத்தா தனியாக, நேராகப் பார்த்துச் சிரிக்கிற படம் ஒன்றுகூட இருக்காது. கடைசியில் ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் தோளை அழித்து, பெரிதாக்கி, கலங்கலாக ஒரு பிரிண்ட் போடுவார்கள். அதுதான் இனி காலத்துக்கும் ஹால் சுவரில் தொங்கப்போகும் படம்.

உயிரோடு இருக்கும்போதே நல்ல படங்களைக் காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று இப்போது பலருக்குத் தோன்றியிருக்கிறது. அதனால்தான் "வீட்டுக்கு நல்ல போட்டோ பிரிண்டர் எது?" என்ற கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வருஷத்துக்கு எத்தனை படம் பிரிண்ட் போடுவீர்கள்?

முதலில் கணக்கு

உங்கள் ஊர் லேபில் 4×6 இன்ச் பிரிண்ட் ஒன்று 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நல்ல பேப்பரில் போட்டால் இங்க், பேப்பர் எல்லாம் சேர்த்து 7 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு 8 ரூபாய் மிச்சம். பிரிண்டர் விலை 20,000 ரூபாய் என்றால், அந்தக் காசைத் திருப்பி எடுக்க 2,500 படம் போட வேண்டும். வருஷத்துக்கு 200 படம் போடுகிற குடும்பத்துக்கு இது பன்னிரண்டரை வருஷக் கணக்கு. அதுவரை அந்த பிரிண்டர் உழைக்குமா என்பது வேறு விஷயம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

எனவே காசு மிச்சம் பிடிக்கத்தான் வாங்குகிறேன் என்றால், பெரும்பாலான வீடுகளுக்கு போட்டோ பிரிண்டர் தேவையே இல்லை. ஒளிபட்டால் நிறம் மாறும் போட்டோ பேப்பரில் லேசரால் படத்தைப் பதித்து, கெமிக்கலில் கழுவிக் கொடுக்கும் பழைய முறை லேப்கள் இன்னும் இருக்கின்றன. அந்த பிரிண்ட்டின் தரத்தை வீட்டு பிரிண்டர் எட்டிப்பிடிப்பது சுலபமில்லை. படங்களைச் சேர்த்துவைத்து, வருஷத்துக்கு இரண்டு முறை பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தாலே போதும்.

ஆனால் வீட்டு பிரிண்டருக்கு வேறு லாபங்கள் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு "அம்மா, நாளைக்கு ப்ராஜெக்ட்டுக்குப் பத்துப் பறவை படம் வேணும்" என்று பிள்ளை நிற்கும்போது அதன் அருமை தெரியும். பாஸ்போர்ட் சைஸும் அப்படித்தான். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் அளவில் ஒரே 4×6 தாளில் எட்டுப் படம் அடங்கும். வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள் கிளம்பும் முன்பே கையில் படம் கொடுத்தனுப்பலாம். இதெல்லாம் உங்களுக்கு முக்கியம் என்றால் மேலே படியுங்கள்.

கறுப்பு ஏன் பழுப்பாகிறது?

லேசர் பிரிண்டரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். எழுத்துக்கு அது ராஜா, முகத்துக்கு இல்லை. போதாததற்கு, இங்க்ஜெட்டுக்கான பளபள போட்டோ பேப்பரை லேசருக்குள் விட்டால், உள்ளே இருக்கும் சூட்டில் மேல்பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

அடுத்து, இப்போது பல வீடுகளில் இருக்கிற நாலு கலர் இங்க் டேங்க் பிரிண்டர். செலவு குறைவு, பிள்ளைகளின் படிப்புக்கு அருமை. ஆனால் போட்டோ போட்டுப் பார்த்தவர்கள் ஒரு குறை சொல்வார்கள்: "அம்மாவோட தலைமுடி கறுப்பா வரலை, ஏதோ பழுப்பு மாதிரி இருக்கு." காரணம் இருக்கிறது. இங்க்கில் இரண்டு வகை. தண்ணீரில் சர்க்கரை போலக் கரைந்திருப்பது டை இங்க். நுண்ணிய துகளாக மிதப்பது பிக்மென்ட் இங்க். நாலு கலர் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. சாதாரணத் தாளில் எழுத்து கறுகறுவென்று விழ பிக்மென்ட் கறுப்பு நல்லது. ஆனால் பளபள போட்டோ பேப்பரில் அது சரியாகப் படியாது. அதனால் போட்டோ பேப்பர் என்று செட்டிங்கில் சொன்னதும், பிரிண்டர் அந்தக் கறுப்பை விட்டுவிட்டு மற்ற மூன்று நிறங்களைக் கலந்து கறுப்பு மாதிரி ஒன்றைத் தயாரிக்கும். அந்த 'மாதிரி'தான் உங்கள் அம்மாவின் தலைமுடியில் தெரிகிறது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: "மொத்தம் எத்தனை இங்க், போட்டோவுக்கான கறுப்பு தனியா இருக்கா?" பெட்டியில் 5760×1440 டிபிஐ என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பிரிண்டர் எவ்வளவு நெருக்கமாக இங்க் புள்ளி வைக்கும் என்ற கணக்கு. உங்கள் படத்தின் தெளிவை அது கூட்டாது.

ஆறு இங்க்கா, ரிப்பனா?

வீட்டு போட்டோ பிரிண்டர்களில் என் ஓட்டு ஆறு இங்க் டேங்க் மாடல்களுக்குத்தான். எப்சன் எல்8050-ல் வழக்கமான நாலு நிறங்களோடு வெளிர் சயான், வெளிர் மெஜந்தா என்று இரண்டு கூடுதல். கன்னத்தில் விழும் மெல்லிய நிழல், வெளுத்த வானம் போன்ற இடங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் வழவழவென்று வர இவை உதவும். கேனன் ஜி570 வேறு வழியில் போகிறது: அதில் கூடுதலாக இருப்பவை சிவப்பும் சாம்பலும். அந்தச் சாம்பல் நிறம், பழைய பிளாக் அண்ட் ஒயிட் படங்களில் நீலமோ பச்சையோ ஏறாமல் காக்கும். தாத்தா பாட்டி கல்யாணப் படத்தை மறுபடி பிரிண்ட் போடும் எண்ணம் இருந்தால் இதைக் கவனியுங்கள். இந்த இரண்டிலும் ஸ்கேனர் கிடையாது. ஸ்கேனரும் சேர்ந்து வேண்டுமானால் கேனனில் ஜி670 இருக்கிறது.

எப்போதாவது மட்டும் போடுகிறவர்களுக்கு டேங்க் பிரிண்டர் சரிப்படாது. இங்க் காய்ந்து நாசில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு டை சப்ளிமேஷன் வகை இருக்கிறது. கேனன் செல்ஃபி சிபி1500 மாதிரி. (இந்த செல்ஃபி வேறு, நாம் எடுக்கும் செல்ஃபி வேறு!) இதில் இங்க் திரவமாக இல்லை, ரிப்பனில் இருக்கிறது. தாள் நாலு முறை உள்ளே போய் வரும்: மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியில் ஒரு பாதுகாப்புப் பூச்சு. ஒரு நிமிஷத்துக்குள் படம் கையில். அப்போதே தொடலாம், ஒரு துளி தண்ணீர் பட்டாலும் பயமில்லை. ஆறு மாதம் பீரோவில் கிடந்தாலும் எடுத்தவுடன் வேலை செய்யும்.

தாளும் ரிப்பனும் ஒரே பேக்காக வருவதால் கணக்கும் சுலபம். 108 தாள் பேக்கின் விலையை 108-ஆல் வகுத்தால் ஒரு படத்தின் செலவு. ஆனால் அளவு 4×6-ஐத் தாண்டாது, ஏ4 படம் போட முடியாது. இன்னொரு விஷயம்: தீர்ந்துபோன ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்தால் நீங்கள் போட்ட படங்களின் நிழல் அப்படியே தெரியும். குப்பையில் போடும்முன் கிழித்துப் போடுங்கள்.

உள்ளங்கை அளவில் விற்கும் குட்டி பிரிண்டர்கள் பலவும் ஜிங்க் வகை. இங்க்கே கிடையாது, தாளுக்குள் இருக்கும் நிறப்படிகங்கள் சூட்டில் நிறம் மாறும். காலேஜ் பிள்ளைகள் டைரியில் ஒட்ட ஜாலியான சமாச்சாரம். தரமான பிரிண்ட் வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பேப்பரில் கஞ்சத்தனம் வேண்டாம்

இருபதாயிரத்துக்கு பிரிண்டர் வாங்கிவிட்டு, இருப்பதிலேயே மலிவான பேப்பரைத் தேடுவது நம் ஊர் வழக்கம். 180 ஜி.எஸ்.எம். என்று மலிவாகக் கிடைக்கும் பளபள தாள்கள் பலவற்றில் ஒரு பக்கம்தான் பூச்சு, பின்பக்கம் வெறும் காகிதம். ஈரம் பட்டால் நெளியும். 'ஆர்.சி.' என்று போட்ட, 240 ஜி.எஸ்.எம்.முக்கு மேற்பட்ட தாளை வாங்குங்கள். இருபக்கமும் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால், கையில் எடுத்தால் ஸ்டூடியோ படம் மாதிரியே இருக்கும். ஆல்பத்துக்கு முழுப் பளபளப்பு அழகு. பலர் கைமாறும் படத்துக்கும், டியூப்லைட் எதிரே மாட்டும் படத்துக்கும் லஸ்டர் அல்லது மேட். பிரித்த பாக்கெட்டைத் திறந்தபடி வைக்காதீர்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றை அந்தத் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

பிரிண்ட் கொடுக்கும்போது பேப்பர் வகையில் 'கிளாஸி' என்று மாற்றுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'ப்ளெயின்' என்று இருந்தால் பிரிண்டர் சாதாரணத் தாளுக்கான அளவில்தான் இங்க் விடும். நிறம் செத்துப்போய் வந்ததும் பழி பிரிண்டர் மேல் விழும்.

படம் எங்கிருந்து வருகிறது?

எவ்வளவு நல்ல பிரிண்டர் வாங்கினாலும், படம் வாட்ஸ்அப் ஃபார்வேர்டாக இருந்தால் பயனில்லை. நல்ல பிரிண்டுக்கு ஓர் இன்ச்சுக்கு 300 பிக்சல் என்பது கணக்கு. 4×6-க்கு 1200×1800 பிக்சல், ஏ4-க்கு 2480×3508. சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தின் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 4×6-க்கு அது எப்படியோ சமாளிக்கும். ஏ4-க்குப் பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் கலங்கும். ஊரில் இருக்கும் அத்தையிடம் படம் கேட்கும்போது, "டாக்குமென்ட்டா அனுப்புங்க அத்தை" என்று கேளுங்கள். ஒரிஜினல் அப்படியே வரும்.

தலை வெட்டுப்படும் பிரச்னையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. போன் கேமரா வழக்கமாக எடுப்பது 4:3 விகிதம். 4×6 தாள் 3:2. ஓரம் விடாமல் தாள் முழுக்க நிரப்பினால், படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். குரூப் போட்டோவின் மேல் வரிசையில் நிற்கும் உயரமான மாமாவுக்கு நெற்றி போய்விடும். எடுக்கும்போதே நாலாபுறமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால், வெள்ளை ஓரத்தோடு பிரிண்ட் போடுங்கள்.

வாங்கிய பிறகு

டேங்க் பிரிண்டர் என்றால் வாரம் ஒருமுறை ஒரு சின்னக் கலர் படமாவது போட்டுவிடுங்கள். அடைப்பு வந்தபின் ஹெட் கிளீனிங் கொடுத்துக்கொண்டே இருந்தால் அத்தனை இங்க்கும் கழிவு இங்க் பஞ்சுக்குத்தான் போகும். அணைக்கும்போது பிரிண்டரின் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு, அது சத்தம் அடங்கிய பிறகு சுவர் சுவிட்சை நிறுத்துங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். நடுவில் கரன்ட் போய்விட்டால், வந்ததும் ஒருமுறை ஆன் செய்து முறையாக அணைத்துவிடுங்கள். மலிவு இங்க்கை ஊற்றும் ஆசை வரும். ப்ராஜெக்ட் படங்களுக்கு ஓடலாம். சுவரில் மாட்டும் படத்துக்கு நான் ஊற்ற மாட்டேன். நிறம் மாறும், சீக்கிரம் வெளுக்கும்.

டை இங்க் பிரிண்ட்டை ஒரு ராத்திரி காயவிட்டுத்தான் ஃபிரேமுக்குள் வைக்க வேண்டும். கண்ணாடியில் படம் நேரடியாக ஒட்டாதபடி நடுவில் ஒரு மவுண்ட் அட்டை கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம் போதும், படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் முகம் உரிந்து வந்துவிடும். ஜன்னல் வெயில் படுகிற சுவரும் வேண்டாம்.

<i>அடுத்த வாரம்: பழைய ஆல்பம் படங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்வது எப்படி?</i>