பெயர் ஒன்று, பண்டம் இரண்டு

எங்கள் தெள்ளாருக்குப் பக்கத்து ஊரான வந்தவாசியில் 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றதோடு இந்தப் பக்கம் அவர்கள் பேச்சு ஓய்ந்தது. புதுச்சேரியில் மட்டும் சாப்பாட்டு மேஜையில் இன்னும் இருக்கிறது. அங்கே வாழ்க்கைப்பட்ட என் அக்கா மகள் போன வாரம் போன் செய்தாள். இது அவளுக்கு ஐந்தாம் மாசம்.

"சித்தி, ஒரு விருந்துல வாஷ்ரான்னு ஒண்ணு வைப்பாங்களாம். நான் சாப்பிடலாமா?"

"எந்த வாஷ்ரான்டி? சீஸா, இனிப்பா?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை.

சகோதரிகளே, நானும் சில வருஷம் புதுச்சேரியில் குடியிருந்தவள்தான். பக்கத்து வீட்டு சொல்தா குடும்பத்து அம்மாள் சொல்லித்தான் எனக்கே தெரியும். 'வாஷ்' என்றால் பசு. வாஷ்ரான், பசும்பாலில் செய்கிற மெத்தென்ற சீஸ். ஜூரா மலைப்பக்கம் மரப்பட்டை சுற்றி, மரப்பெட்டியில் வைத்து விற்பார்கள்; ஸ்பூனால் வழித்துத்தான் சாப்பிட வேண்டும். அதே வெள்ளை நிறமும் வட்ட வடிவமும் இருப்பதால் ஓர் இனிப்புக்கும் அந்தப் பெயரே வந்துவிட்டது. மெரிங் வளையத்துக்குள் ஐஸ்கிரீமும் கிரீமும் நிரப்புவார்கள்.

பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தச் சீஸ் வேண்டவே வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 1983 முதல் 1987 வரை இதே வாஷ்ரான் சீஸால் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும்; வயிற்றுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து, கரு கலையவும் கூடும். ஃபிரிட்ஜில் வைத்தால் சாகாது, அந்தக் குளிரிலும் பெருகும். கொதிக்க வைத்தால்தான் சாகும். நாம் பாலைக் காய்ச்சித் திரித்து, அன்றைக்கே குழம்பில் போடுகிற பன்னீருக்குப் பயமில்லை.

இனிப்பு வாஷ்ரான் என்றால் மெரிங் உள்வரை காய்ந்து மொறுமொறுவென்று இருக்க வேண்டும். நடுவில் பிசுபிசுத்தால் அது பச்சை முட்டைக்குச் சமம். பச்சை முட்டை சேர்த்து வீட்டில் செய்த ஐஸ்கிரீமும் கூடாது.

மெரிங் என்றதும் பயப்படாதீர்கள், நம் தூத்துக்குடி மக்ரூனில் முந்திரியை நீக்கினால் ஏறக்குறைய அதேதான். இரண்டு முட்டை வெள்ளைக்கரு, 110 கிராம் பொடித்த சர்க்கரை, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. மஞ்சள் கரு துளி விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. வெள்ளைக்கருவையும் சாற்றையும் நுரை வர அடித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும்வரை அடியுங்கள். 100 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் காய வேண்டும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் செய்யாதீர்கள்; நான் ஒரு தடவை செய்து, மறுநாள் டப்பாவைத் திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது.