பழைய காரை உடைத்துப் புதுக் கார்!
எதை எடுக்கலாம்? எதை எடுக்கக் கூடாது?

இங்கிலாந்தில் சிலருக்கு ஒரு வினோதமான பொழுதுபோக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். வீட்டுக் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார்கள். கையில் ஸ்பானர். முகத்தில் கிரீஸ். தங்கள் காரைத் தாங்களே கட்டுகிறார்கள்!

இப்படிக் கட்டும் காருக்கு "கிட் கார்" என்று பெயர். காரின் மேல்கூட்டை ஒரு கம்பெனி செய்து கொடுக்கும். என்ஜின், ஸ்டியரிங், அச்சு போன்றவற்றைப் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிக் கொள்ள வேண்டும். டிரயம்ப், எம்.ஜி. முதலிய பழைய பிரிட்டிஷ் கார்கள் பல இப்படிக் கழற்றப்பட்டன.

பழைய காரை உடைப்பது சரியா? செத்த கார் என்றால் சரி. பிழைக்கக்கூடிய காரை உடைப்பது பாவம். செத்த காரிலும் எல்லாச் சாமானையும் நம்பிவிடக் கூடாது. இது என் கட்சி.

பிரிப்பது எப்படி?

இந்தப் பழக்கம் பரவியதற்கு ஒரு காரணம் வரி. 1957-ல் காலின் சாப்மன் என்ற என்ஜினீயர் "லோட்டஸ் செவன்" என்ற சிறிய காரை வெளியிட்டார். முழுக் காராக வாங்கினால் விற்பனை வரி உண்டு. சாமான்களாக வாங்கினால் வரி இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. "பூட்டுவது எப்படி?" என்று எழுதிக் கொடுக்கக் கூடாது.

சாப்மன் லேசுப்பட்டவரா? "பிரிப்பது எப்படி?" என்று எழுதிக் கொடுத்தாராம்! வாங்கியவர்கள் கடைசி வரியில் தொடங்கி மேலே படித்துக்கொண்டு போனார்களாம்.

1973-ல் வரிமுறை மாறியது. சலுகை போயிற்று. பழக்கம் போகவில்லை. அதே ஆண்டில் கேட்டர்ஹாம் கம்பெனி அந்தக் காரை ஏற்றுக்கொண்டது. இன்றும் இங்கிலாந்தில் அதைச் சாமான்களாக வாங்கிப் பூட்டிக் கொள்ளலாம்.

சென்னையில் ஓடிய ஹெரால்டு

டிரயம்ப் ஹெரால்டு 1959-ல் வந்த கார். இது நமக்கும் தெரிந்த கார்தான். 1961 முதல் சென்னையில் "ஸ்டாண்டர்ட் ஹெரால்டு" என்ற பெயரில் செய்தார்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்தக் காரில் மேல்கூடு வேறு, அடிச்சட்டம் வேறு. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்பு மேல்கூட்டை அரித்துவிடும். போல்ட்டுகளைக் கழற்றினால் கூடு தனியாக வந்துவிடும். அடிச்சட்டத்தின் மேல் வேறு கூட்டை வைக்கலாம். 1970-களில் "ஸ்பார்ட்டன்" என்ற கிட் கார் அப்படித்தான் பிறந்தது. காயலான் கடைக்குப் போகவேண்டிய இரும்பு மறுபடி சாலையில் ஓடிற்று. அதில் என்ன தப்பு?

ஆனால் அன்று இருந்த நிலை வேறு. ஹெரால்டின் தங்கை ஸ்பிட்பயர். 1962 முதல் 1980 வரை 3 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதே ஆண்டுகளில் எம்.ஜி.பி. 5 லட்சத்துக்கு மேல் வந்தது. தெருவுக்குத் தெரு துருப்பிடித்த கார் கிடந்த காலம் அது. இன்று அப்படிக் கிடைக்காது.

எம்.ஜி.பி.க்குத் தனி அடிச்சட்டம் இல்லை. கூடு துருப்பிடித்தால் கார் முடிந்தது என்பார்கள். ஆனால் 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் அதற்குப் புதுக்கூடு செய்து விற்கிறது. உயிர் இருக்கிறது, உடம்பும் கடையில் கிடைக்கிறது. பிறகு அதை எதற்கு உடைக்க வேண்டும்?

விபத்தில் நசுங்கியதா? சொந்தக்காரர் கைவிட்டு, யாரும் வாங்க ஆள் இல்லையா? அப்போது தாராளமாகக் கழற்றலாம். எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. என்ஜின் நல்ல உழைப்பாளி. நம் அம்பாசிடரில் ஓடிய 1489 சி.சி. என்ஜினும் அதே வம்சம்தான். பிரித்துச் சரிபார்த்துப் போட்டால் இன்னொரு பிறவி எடுக்கும். என்ஜின் நின்றுபோனால் கார் ஓரமாக நிற்கும். அவ்வளவுதான்.

சக்கரம் அப்படி அல்ல!

ஹெரால்டு, ஸ்பிட்பயர் கார்களில் முன்சக்கரத்தை ஓர் எஃகுத் தூண் தாங்குகிறது. தூணின் அடிமுனையில் திருகு மரை இருக்கும். அது ஒரு வெண்கலத் துண்டுக்குள் பொருந்தியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தூண் அதற்குள் சுழலும். இந்த இடத்துக்குக் கெட்டியான கியர் எண்ணெய் விடவேண்டும். பலர் கிரீஸை அடைத்தார்கள். சிலர் ஒன்றுமே போடவில்லை. தண்ணீர் புகுந்தது. எஃகு துருப்பிடித்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் மரை முறியும். சக்கரம் மடங்கிவிடும்.

பல கிட் கார்களில் இதே தூண்தான் இருக்கிறது. 50 வயதுத் தூணைத் துடைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டிவிடுகிறார்கள். "அசல் சாமான்" என்று பெருமை வேறு! அந்தப் பெருமை எனக்குப் பிடிக்கவில்லை. புதுத்தூணும் புது வெண்கலத் துண்டும் கடையில் கிடைக்கின்றன.

வீட்டில் கட்டிய காரைச் சாலைக்கு விடுமுன் இங்கிலாந்து அரசாங்கம் சோதனை நடத்துகிறது. விளக்கு, பிரேக், கூரான விளிம்பு எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் சோதனை அதிகாரி தூணைக் கழற்றிப் பார்க்கமாட்டார். கட்டுகிறவர்தான் பார்க்கவேண்டும். இந்தக் கார்களில் பெரும்பாலும் இரண்டே இருக்கை. ஒன்றில் அவர். பக்கத்தில் அவர் மனைவி அல்லது பிள்ளை.