தாத்தாவுக்கு ஒரு ரிங்டோன்!



பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். எங்கோ ஒரு செல்போன் ஒலிக்கிறது. உடனே என்ன நடக்கும்? முன் சீட்டு அண்ணன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். பக்கத்து சீட்டு அக்கா அவசர அவசரமாகக் கைப்பையைத் திறப்பார். கண்டக்டர்கூட டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் தன் பையைத் தடவுவார். கடைசியில் பார்த்தால், ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டிருக்கும் பெரியவரின் போன் அது! அவருக்கு மட்டும் அது கேட்டிருக்காது.

ஏன் இந்தக் குழப்பம்? போன் வாங்கும்போது அதில் என்ன ஒலி இருந்ததோ, அதையே நம்மில் பலர் மாற்றாமல் வைத்திருக்கிறோம். எல்லா வீட்டு வாசலிலும் ஒரே எண்ணை எழுதி வைத்தால் தபால்காரர் என்ன செய்வார், சொல்லுங்கள்!

என் கட்சி இதுதான். உங்கள் வீட்டு போனுக்கான ரிங்டோனை நீங்களே செய்யுங்கள். நீங்கள் பாடியது, வாசித்தது, பேசியது எதுவானாலும் சரி. ஆனால், அதைக் கேட்க வேண்டியவர் யார் என்று யோசித்துச் செய்யுங்கள். ரிங்டோன் என்பது அழகுக்கு ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை. ஒருவரைக் கூப்பிடும் குரல் அது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் என் அண்ணன் மகன். வயது 10. கதையைக் கேளுங்கள்.

மழை நாளில் ஐந்து மிஸ்டு கால்

என் அப்பா, அதாவது அந்தப் பையனின் தாத்தா, கும்பகோணத்தில் என் அண்ணன் வீட்டில் இருக்கிறார். வயது 78. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், அண்ணன் வெளியூர் போயிருந்தார். அண்ணி கைக்குழந்தையுடன் தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, ராத்திரி ஒன்பதரை மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினார். நல்ல மழை. கையில் குடை இல்லை. வீட்டுக்கு போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி செய்தார். ஐந்து தடவை!

வீட்டில் தாத்தா விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன் அடுத்த அறையில் மேஜை மேல் கிடந்து, 'கீங் கீங்' என்று ஒலித்து ஒலித்து ஓய்ந்தது. பையன் நல்ல தூக்கத்தில் இருந்தான். அண்ணி குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு, நனைந்தபடியே நடந்து வந்து சேர்ந்தார்.

அண்ணி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் தாத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. "எனக்குக் காது போயிடுச்சு. இனிமே அந்த போனை என்கிட்டே குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து போனைத் தொடவே இல்லை. நான் போன் செய்தாலும் பேச வரவில்லை.

காது மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். வயதாகும்போது பலருக்கும் வருகிற குறைதான் அது என்றார் அவர். முதலில் கேட்காமல் போவது கூர்மையான ஒலிகள்தானாம். கைக்கடிகாரத்தின் 'பீப்' கேட்காது. ஆனால் வாசலில் லாரி போனால் கேட்கும். "இவருக்கு இந்த போனின் மணி ரொம்ப மெல்லிசு. கொஞ்சம் கனமான ஒலியை வைத்துப் பாருங்கள்" என்றும் சொன்னார்.

பெரியவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பையன் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டான்.

தொம் கேட்கவில்லை!

அவன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் 'தொப்பி' என்று பெயர். அதில் தட்டினால் 'தொம்' என்று கனமாக ஒலிக்கும். "இதுதான் தாத்தாவுக்குச் சரி" என்று முடிவு செய்தான். அம்மாவிடம் அனுமதி வாங்கி, தாத்தாவின் போனிலேயே அதைப் பதிவு செய்து ரிங்டோனாக வைத்தான்.

சோதித்துப் பார்த்தால்... ஏமாற்றம்! 'டொக் டொக்' என்று ஏதோ கேட்டதே தவிர, கனமான 'தொம்' வரவே இல்லை. ஏன் தெரியுமா? செல்போனில் இருக்கும் ஒலிபெருக்கி, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மிகவும் கனமான ஒலியை அதனால் எழுப்ப முடியாது. கூர்மையாக இருந்தால் தாத்தாவுக்குக் கேட்காது; ரொம்பக் கனமாக இருந்தால் போனுக்கு முடியாது. நடுவில் ஒன்று வேண்டும்.

நடுவில் என்ன இருக்கிறது? மனிதக் குரல்!

பையன் மிருதங்கத்தைத் தள்ளி வைத்தான். வாயாலேயே சொற்கட்டைச் சொன்னான். "தத்... தித்... தொம்... நம்..." மிருதங்கம் கற்பவர்களின் முதல் பாடம் அது. நிதானமாக, உரக்க, நாலு தடவை சொல்லிப் பதிவு செய்தான். தாத்தா அடுத்த அறையில் இருக்கும்போது அம்மாவை அழைக்கச் சொன்னான்.

"யாருடா அங்கே பாடம் படிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே தாத்தா எழுந்து வந்தார்!

அடுத்த வாரம் நான் போன் செய்தேன். இரண்டாவது 'தத் தித்'துக்குள் எடுத்துவிட்டார். "பையன் கூப்பிட்டான், வந்துட்டேன்" என்றார். குட்டீஸ், அந்த வாரம் நான் கேட்ட நல்ல செய்தி அதுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரிங்டோன் காதுக்கு மருந்து இல்லை. பெரியவர்களுக்குக் காது மந்தமானால் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். ஆனால், 'நம்மால் முடியாது' என்று ஒதுங்கிய ஒருவரை மறுபடி பேச வைத்தது 10 வயதுப் பையனின் ஒரு சின்ன யோசனை.

எண்ணை அழுத்தினால் பாட்டு

"ரிங்டோனை நாமே செய்வதா? அதெல்லாம் பெரிய வேலை" என்று நினைக்கிறீர்களா? உங்கள் அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். 2000-ல் வந்த நோக்கியா 3310 போனில் 'கம்போசர்' என்று ஒரு வசதி இருந்தது. 1-ஐ அழுத்தினால் 'ச', 2-ஐ அழுத்தினால் 'ரி' என்பதுபோல 7 வரை ஏழு ஸ்வரங்கள். 8, 9 எண்களால் ஸ்வரத்தைக் குறுக்கலாம், நீட்டலாம். 0 அழுத்தினால் சிறு இடைவெளி. பொறுமையாக ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, பிடித்த பாட்டை அதில் கொண்டுவந்தவர்கள் உண்டு. அந்தப் பொத்தான் போனிலேயே முடிந்தது, ஒலிப்பதிவுக் கருவியே உள்ளே இருக்கும் இன்றைய போனில் முடியாதா என்ன?

நோக்கியா என்றதும் அதன் புகழ்பெற்ற மணியோசையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அது ஒரு கிடார் இசையின் துண்டு. ஸ்பெயின் நாட்டு இசைக் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா 1902-ல் அமைத்த 'கிரான் வால்ஸ்' என்ற இசையிலிருந்து 13 ஸ்வரங்களை மட்டும் எடுத்தார்கள். 1994-ல் வந்த நோக்கியா 2110 போனில் அது ரிங்டோனாக ஒலித்தது. தாரெகா 1909-லேயே காலமாகிவிட்டார். தன் இசை கோடிக்கணக்கான சட்டைப் பைகளில் ஒலிக்கப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 13 ஸ்வரங்களே உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தன என்றால், உங்களுக்கும் சில விநாடிகள் போதும்தானே?

செய்வது எப்படி?

முதல் விஷயம்: போன் உங்களுடையது இல்லை. அதற்கு உரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மின்விசிறி, டி.வி. இரண்டையும் நிறுத்துங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். 'ரிக்கார்டர்' செயலியைத் திறந்து 20 முதல் 30 விநாடி பதிவு செய்யுங்கள். இந்தியாவில் யாரும் எடுக்காத செல்போன் அழைப்பு 30 விநாடி ஒலிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2019-ல் நிர்ணயித்தது. அதற்கு மேல் நீளமாகப் பாடி என்ன பயன்?

முக்கியமான இடத்தை முதல் ஐந்து விநாடியிலேயே வைத்துவிடுங்கள். 'ம்ம்ம்' என்று மெல்ல ஆரம்பித்தால், பாட்டு சூடு பிடிப்பதற்குள் போனை எடுத்துவிடுவார்கள். அல்லது, கேட்கவே கேட்காது.

ஆண்ட்ராய்டு போனில் 'செட்டிங்ஸ்' போய், 'சவுண்ட்' பகுதியில் 'ரிங்டோன்' என்பதைத் தொட்டு, நீங்கள் பதிவு செய்ததைத் தேர்ந்தெடுங்கள். போனுக்குப் போன் பெயர்கள் கொஞ்சம் மாறலாம். ஐபோனில், 2025-ல் வந்த ஐ.ஓ.எஸ். 26 முதல், 30 விநாடிக்கு உட்பட்ட ஒலிக் கோப்பை 'ஷேர்' பொத்தான் வழியாகவே ரிங்டோன் ஆக்கலாம். அதற்கு முந்தையது என்றால் 'கேரேஜ்பேண்ட்' செயலியில் செய்யலாம்.

கடைசியாக, அடுத்த அறைக்குப் போய் நின்று, கேட்கிறதா என்று சோதியுங்கள். அதைவிட, அந்த போனை எடுக்க வேண்டியவரை நிற்க வைத்துச் சோதியுங்கள்.

சினிமாப் பாட்டு கூடாதா?

"எனக்குப் பிடித்த ஹீரோ பாட்டை வைத்தால் என்ன தப்பு?" என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். தப்பே இல்லை! ஆனால் ஒன்றை யோசியுங்கள். பிடித்த பாட்டின் ஒரே துண்டை ஒரு நாளைக்கு 20 தடவை கேட்டால் என்ன ஆகும்? தினமும் லட்டு சாப்பிட்டவன் கதைதான். கொஞ்ச நாளில் அந்தப் பாட்டே அலுத்துவிடும். பாட்டை முழுசாக ரசிக்க விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 'இலவச ரிங்டோன்' என்று இணையத்தில் தேடினால், எது உண்மையான பொத்தான், எது விளம்பரம் என்றே தெரியாது. தொட்டால் வேறு எங்கோ போகும். ஏதேதோ அனுமதி கேட்கும். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் அங்கே போகவே வேண்டாம். உங்கள் குரலைப் பதிவு செய்ய எந்த இணையதளமும் தேவையில்லை. ஒரு பைசா செலவும் இல்லை.

எங்கே ஒலிக்கக் கூடாது?

எவ்வளவு நல்ல ரிங்டோனும் தப்பான இடத்தில் ஒலித்தால் தொல்லைதான். 2012 ஜனவரியில் நியூயார்க் நகரில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி. ஆலன் கில்பர்ட் என்பவர் நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் மாலரின் 9-வது சிம்பொனியை நடத்திக்கொண்டிருந்தார். இசை மிக மெல்லியதாகப் போய்க்கொண்டிருந்த கடைசிப் பகுதியில், முன்வரிசையிலிருந்து ஐபோனின் 'மரிம்பா' ஒலி. நின்றபாடில்லை. அவர் இசையையே நிறுத்திவிட்டார்! ஒலி ஓய்ந்த பிறகுதான் மறுபடி தொடங்கினார்.

அதற்கு முந்தைய ஆண்டு ஸ்லோவாக்கியா நாட்டில் வேறு மாதிரி நடந்தது. ஒரு வயோலா கலைஞர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தபோது நோக்கியா மணி அடித்தது. அவர் சற்றே நிறுத்தி, அதே மணியோசையைத் தன் வாத்தியத்தில் வாசித்துக் காட்டினார்! அவர் பெரிய மனசுக்காரர். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது. வகுப்பறை, மருத்துவமனை, துக்க வீடு, கச்சேரி என்றால் அப்பா, அம்மாவிடம் "போனை சைலன்ட்டில் போட்டீங்களா?" என்று ஞாபகப்படுத்துவது உங்கள் பொறுப்பு.

அதேபோல, பாட்டி பாடுவதையோ தம்பி மழலை பேசுவதையோ பதிவு செய்வதானால், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தம்பி அழுவதை ரிங்டோனாக வைத்து நாலு பேர் முன் அவனைக் கேலிக்கு ஆளாக்காதீர்கள்.

இந்த ஞாயிறு என்ன வேலை?

உங்கள் வீட்டில் யார் அடிக்கடி போனை எடுக்காமல் விடுகிறார் என்று கவனியுங்கள். "எத்தனை தடவை கூப்பிடுறது?" என்று அவரைக் கோபிப்பதற்கு முன், அந்த போன் எப்படி ஒலிக்கிறது என்று கேளுங்கள். மெல்லிசாக இருக்கிறதா? தையல் மெஷின் சத்தத்தில் அமுங்கிவிடுகிறதா? அவருக்குப் பிடித்த ஒலி எது? யோசித்து, அவருக்காக ஒன்று செய்து கொடுங்கள்.

என் போனில் இப்போது என்ன ரிங்டோன் தெரியுமா? தாத்தா கையால் தாளம் போட, பேரன் சொல்லும் 'தத் தித் தொம் நம்'. பஸ்ஸில் அது ஒலித்தால் யாரும் தங்கள் பையைத் தடவுவதில்லை. எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாற்ற மாட்டேன்!

என்ன குட்டீஸ், உங்கள் வீட்டு போன் இனி யார் குரலில் கூப்பிடப் போகிறது?