என்ஜாய் எஞ்சாமியும் எங்க அப்பத்தாவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச மேட்டர் இது.

2021 மார்ச். கொரோனா புண்ணியத்துல கோவிலூர் வீட்டுலேயே உட்கார்ந்து ஆபீஸ் வேலை பாத்துக்கிட்டிருந்தேன். அந்த மாசம் 7ஆம் தேதி வந்த 'என்ஜாய் எஞ்சாமி' லேப்டாப்ல திரும்பத் திரும்ப ஓடிக்கிட்டு இருந்துச்சு. திண்ணையில இருந்த அப்பத்தா, "ஏண்டா, எழவு வீட்டுப் பாட்டைப் போட்டுக்கிட்டா ஆடுற?"ன்னு கேட்டுச்சு. எனக்கு அது குத்துப்பாட்டு, அப்பத்தாவுக்கு ஒப்பாரி!

யோசிச்சா அப்பத்தா சொன்னது சரிதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல கூலி வேலை பார்த்த தன் பாட்டி வள்ளியம்மாளோட கதையைத்தான் அறிவு எழுதியிருந்தார். ஒப்பாரியும் அதுல இருக்கு. பாடினது தீயும் அறிவும், இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது ஏ.ஆர்.ரஹ்மான் ஆதரவோட தொடங்கின மாஜா. படம் கிடையாது, ஹீரோ கிடையாது. ஆனாலும் யூடியூப்ல 40 கோடி தடவைக்கு மேல ஓடியாச்சு.

அதுக்கப்புறம்தான் கூத்து. 2021 ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில தீ இருந்தார், அறிவு இல்லை. பா.ரஞ்சித் கேள்வி கேட்டார். 2022ல சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல பாட்டு இருந்துச்சு, அறிவு இல்லை. மெட்டும் சொல்லும் தன்னோடதுன்னு அறிவு எழுத, இது கூட்டு உழைப்பு, வருமானம் மூணு பேருக்கும் சமம்னு சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்ல அவரே, இந்தப் பாட்டால எங்க யாருக்கும் இதுவரை காசே வரலைன்னு வீடியோ போட்டார். நிறுவனம் அதை மறுத்தது.

தீர்ப்பு சொல்ல நான் நாட்டாமை இல்லை :-) ஆனா ஒண்ணு. ஆபீஸ்ல நான் எழுதுற ஒவ்வொரு வரியையும் யார் எழுதினா, யார் எப்ப மாத்தினான்னு பதிவு இருக்கு. ஒரு பாட்டுக்கு அது ஏன் இல்லை? மெட்டு யாரோடது, சொல் யாரோடது, வர்ற காசு யார் கணக்குக்குப் போகுதுன்னு பாட்டு வர்றதுக்கு முன்னாடியே எழுதிக் கையெழுத்துப் போடணும். அந்தக் கணக்கைப் பாடினவங்களும் பார்க்க முடியணும். ஹிட் ஆனப்புறம் பேச ஆரம்பிச்சா சண்டைதான் மிச்சம்.

அப்பத்தாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். "ஒப்பாரி வைக்க வந்தவளுக்கே அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள கூலியைக் கொடுத்துருவோம்டா"ன்னுச்சு.

40 கோடியை விட அந்தக் கணக்கு சுத்தம்.