வேருக்குச் சாணியும் தெரியாது, யூரியாவும் தெரியாது

நம்ம கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. "செடிக்கு எது இயற்கை, எது ரசாயனம்னு தெரியும், உப்பு உரத்தை அது விரும்பாது" என்பார்கள். கைதட்டலும் விழும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தப்பான காரணத்தைச் சொல்லி நல்ல காரியத்துக்கு ஆள் சேர்த்தால், விவரம் தெரிந்த ஒரு கல்லூரிப் பையன் எழுந்து கேள்வி கேட்கும்போது பதில் இருக்காது.

வேர்த்தூவியின் ஒவ்வொரு செல்லையும் ஒரு கொழுப்புப் படலம் மூடியிருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. காற்று அதில் தானாகவே ஊடுருவிப் போய்விடும். தண்ணிக்கு என்று புரதத்தால் ஆன தனி வாசல்கள் உண்டு. ஒரு வாசல் வழியாக ஒரு விநாடிக்கு நூறு கோடி நீர் மூலக்கூறு போகலாம் என்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ருக்கு 2003-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாஷ் இதுக்கெல்லாம் வேற வேற கவுண்டர். (வங்கியில் இருந்தவனுக்கு அந்த வார்த்தைதான் வாயில் வருது.) கவுண்டருக்கு வந்தது நைட்ரேட்டா என்பதுதான் அங்கே கணக்கு. அது தொழுவுரம் மக்கி வந்ததா, யூரியா மூட்டையிலிருந்து மாறி வந்ததா என்று விசாரிக்க ஆள் கிடையாது.

அப்படின்னா இயற்கை விவசாயம் எதுக்கு? நம்ம வாதம் இங்கேதான் தொடங்கணும்.

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால் மறுநாள் தண்ணி விட்டு நிற்கும். அது நாம் ஊற்றின தண்ணி இல்லை, மாங்காய் செல்லுக்குள் இருந்தது. வெளியே உப்பு கூடினதால் வெளியேறிவிட்டது. ஈரம் குறைந்த மண்ணில் செடியின் தூரில் கைப்பிடி உரத்தைப் போட்டால் இதே ஊறுகாய் வேலைதான் வேரில் நடக்கும். மக்கு அப்படிச் செய்யாது. சத்துகளைத் தன் மேல் பிடித்து வைத்து, நுண்ணுயிர்கள் உடைக்க உடைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வேரைச் சுற்றியுள்ள கரைசல் எப்போதும் நீர்த்தே இருக்கும். நம்ம முறையின் பலம் இந்த நிதானத்தில் இருக்கிறது.

அதே சட்டம் பஞ்சகவ்யாவுக்கும் உண்டு. 3 சதவீதக் கரைசல், அதாவது 100 லிட்டர் தண்ணிக்கு 3 லிட்டர் என்பதுதான் பரிந்துரை. "இயற்கைதானே, கூடப் போனா என்ன?" என்று பத்து லிட்டர் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் உச்சி வெயிலில் தெளித்தால் தண்ணி காய்ந்து, இலை மேல் கரைசல் இன்னும் கெட்டியாகும். பிறகு தளிர் கருகினால் பூச்சி மேல் பழி போடுவது நியாயமா? மீன் அமிலத்துக்கும் இதே கதைதான்.

இன்னொன்று, நாம் அதிகம் பேசாதது. தண்ணி தானாக உள்ளே போகும், ஆனால் சத்துகள் அப்படிப் போகாது. வெளியே குறைவாகவும் உள்ளே அதிகமாகவும் இருக்கிற ஒன்றை இன்னும் உள்ளே இழுக்க, செல் தன் சக்தியைச் செலவழிக்கணும். அந்தச் சக்திக்கு வேர் மூச்சு விட்டாகணும். நெல்லுக்குத் தண்டு வழியாக வேர் வரைக்கும் காற்றுப் பாதை உண்டு. மிளகாய்க்கும் கத்தரிக்கும் அந்த வசதி கிடையாது. மழை பெய்து வயலில் தண்ணி கட்டி நிற்கும்போது மிளகாய்ச் செடி வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணிக்குள் நின்றுகொண்டே தாகம்! ஆக்சிஜன் இல்லாமல் வேர்ச் செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறி, நீர் வாசல்களும் மூடிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் ஊற்றுகிற எந்த ஊட்டமும் வாசலுக்கு வெளியேதான் கிடக்கும்.

ஆகவே மண்புழு போட்ட துளையும், மூடாக்கு உண்டாக்கிய பொலபொலப்பும் பாட்டிலில் வருகிற எந்த வளர்ச்சி ஊக்கியையும்விடப் பெரியவை என்பது என் கட்சி. பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரைசல் கலக்கிக் காட்டுகிற நேரத்தில் பாதியை, ஒரு செடியைத் தோண்டி வேரைக் காட்டுவதற்குக் கொடுங்கள். வேர் வெள்ளையாக இல்லாமல் பழுப்பேறி, மண்ணில் அழுகல் வாடை அடித்தால், அந்த வயலுக்கு முதலில் வடிகால் வெட்டச் சொல்லுங்கள்.