கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாதா?

கும்பாபிஷேகத்துக்கு முன் கோயில் சுவரைக் கழுவக்கூடச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை புலம்பியிருந்தது. கருங்கல் தேயாதாம். சாண்ட் பிளாஸ்டிங், அதாவது மணல் வீச்சு, செய்தால் சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் நாலே நாளில் போய்விடுமாம். தொல்லியல்காரர்கள்தான் கோயிலை மியூசியமாக்கப் பார்க்கிறார்களாம். இவற்றில் ஒன்றுகூட நிற்காது.

முதலில் கல். கம்ப்ரஸரிலிருந்து சீறி வரும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. கருங்கல்லில் குவார்ட்ஸ் மட்டுமா இருக்கிறது? ஃபெல்ட்ஸ்பார் 6, மைக்கா சுமார் 3. மெத்தென்ற துகள்கள் முதலில் உதிர்ந்து, பரப்பு குழி குழியாகிவிடும். பிறகு அந்தச் சொரசொரப்பில்தான் எண்ணெயும் புகையும் முன்னைவிட வேகமாக ஏறும். அடிப்பவர் நுரையீரலில் அந்தச் சிலிக்கா தூசி என்ன செய்யும் என்பதையும் கட்டுரையாளர் யோசிக்கவில்லை.

அடுத்து எழுத்து. கல்வெட்டின் ஆழம் பல இடங்களில் சில மில்லிமீட்டர்தான். பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ரகரத்தையும் துணைக்காலையும் பிரித்தறிவதே பாடு. உளி வெட்டிய விளிம்பு கூர்மையாக இருக்கும்வரைதான் கல்வெட்டைத் தாளில் ஒற்றியெடுக்கும் மைப்படியில் எழுத்து விழும். விளிம்பு மழுங்கினால் ஊர்ப்பெயர் போகும், நிலத்தின் எல்லை போகும், விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் பெயரும் போகும். சுவரில் இருப்பது சாமி சொத்தின் பத்திரம். அதை அழித்துவிட்டுப் பக்தியின் பெயரால் பேசக் கட்டுரையாளருக்கு எப்படி மனம் வந்தது? உத்திரமேரூர் ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளை இன்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, சுவரில் எழுத்து தப்பியதால்தானே அது தெரிந்தது! தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டார். அங்கே மணலை அடித்திருந்தால் இரண்டுமே மிஞ்சியிருக்காது.

நீர்த்த அம்மோனியாவும் மென்மையான பிரஷும் கொண்டு தொல்லியல் துறை வேதியியலாளர்கள் காலங்காலமாகச் சுத்தம் செய்துவருகிறார்கள். நாள் பிடிக்கும், உண்மை. கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. திட்டமிட அவகாசமா இல்லை?

சட்டம் கெடுபிடி செய்கிறது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பொய். 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி நினைவுச்சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அது பட்டியலில் உள்ள சின்னங்களுக்கு மட்டும். மாநிலத்தின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே. அறநிலையத் துறையின் கீழுள்ள 40,000க்கும் மேற்பட்ட கோயில்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டு பட்டியலிலும் இல்லை. அவற்றுக்குக் காவல், மணல் வீச்சு கூடாது என்று துறை அனுப்பிய சுற்றறிக்கைதான். சுற்றறிக்கையை மீறிய ஒப்பந்ததாரரை எந்தப் பிரிவில் சிறைக்கு அனுப்புவது? கோயில்களின் தொன்மையைக் காக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் 75 உத்தரவுகள் பிறப்பிக்க நேர்ந்ததே நிலைமை எவ்வளவு மோசம் என்பதைச் சொல்லும்.

கட்டுரையாளர் கேட்பது இருக்கிற தடையைத் தளர்த்த. நான் கேட்பது, அந்தத் தடையை அறநிலையச் சட்டத்திலேயே தண்டனையோடு எழுத. திருப்பணி டெண்டரில் கம்ப்ரஸர் வாடகை என்று ஒரு வரி இருந்தால், அந்த டெண்டரை அங்கேயே நிறுத்த வேண்டும்.