உயிர்க்காவலும் பொருட்காவலும்

2023 ஜூனில் சென்னையினின்று புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டது. கல்முனையிலும் இத்தகைய பயணத்தை விரும்புவோர் உளர். ஆனால் நம்மவர் எப்பயணத்திலும் நகையைக் கைப்பையில் அணைத்துக்கொண்டு, உம்மாவின் குளிசைகளைப் பெரிய பெட்டியின் அடியில் இடக் காண்கிறேன். இது முறையன்று.

கப்பலில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே ஒப்படைக்கிறோம். அவை அறையை அடையச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை மருந்து கையில் இருத்தல் வேண்டும். அறையிலுள்ள சிறு இரும்புப் பெட்டகம் நகைக்கும் பணத்துக்கும் உரியது. திறவாத இன்சுலினுக்கோ 2 முதல் 8 பாகை செல்சியசு குளிர் தேவை. உறைந்தாலும் அது கெடும். அறையின் குளிர்ப்பெட்டி போதாதெனின் கப்பல் மருத்துவப் பிரிவை நாடுக.

இழந்த நகையை மீண்டும் தேடலாம். நடுக்கடலில் நமக்குரிய மருந்து கிடைக்குமென்பது உறுதியோ? பொன்னைப் பூட்டுக, மருந்தைக் கைவிடாதிருக்க.